மேனின் தின்ற புல்

ஹெலெத் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தாள். வேல்ஸ் மலைச்சரிவில் ஏப்ரல் பனி உறைந்து கிடக்க, அதன்மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேனின் என்ற அவளுடைய மட்டக்குதிரை கட்டாந்தரைப் பட்டியில் இல்லை. மின்வேலிக்கு அப்பால், கணுக்கால் உயரப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தது.

ஓடினாள். இரண்டு வருடங்களுக்கு முன் அது குளம்புக்குள் வீக்கம் கண்டு, ஏழு வாரம் கால் ஊன்ற முடியாமல் தவித்தது. வசந்தகாலப் புல்லில், அதுவும் பனி உறைந்து வெயில் பட்டால், சர்க்கரை ஏறிவிடும், அதைத் தின்றால் வீக்கம் திரும்ப வரும் என்று கால்நடை மருத்துவர் அன்றே எச்சரித்திருந்தார்.

"நாந்தாம்மா வேலியத் தொறந்துவிட்டேன்," என்றார் பக்கத்துப் பண்ணை எம்ரிஸ், கற்சுவருக்கு அந்தப் பக்கம் தன் ஆடுகளுக்கு நடுவில் நின்றபடி. "பாவம், மண்ணை நக்கிக்கிட்டு நிக்குது."

"எப்பத் தொறந்தீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"ராத்திரி பூரா தின்னிருக்கு! உங்க கை சும்மாவே இருக்காதாண்ணே? காய்ஞ்ச புல்லைச் சர்க்கரை போக ஊறவச்சு அளந்துதான போடுறேன்?"

"குதிரைக்குப் புல்லு ஆகாதுங்கிற. நாளைக்கு மீனுக்குத் தண்ணி ஆகாதும்ப."

ஹெலெத் குனிந்து குளம்பைத் தொட்டாள். முன்னங்கால் இரண்டும் சுட்டன. கணுவுக்குப் பின்னால் நாடி தடதடவென்று அடித்தது. மேனின் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி எடையைச் சாய்த்தது. அதைக் கண்டதும் எம்ரிஸின் சிரிப்பு போய்விட்டது.

"நொண்டுறதுக்குள்ள குளம்புக்கு ஐஸ் வைங்க, கிளம்பி வர்றேன்," என்றார் மருத்துவர் தொலைபேசியில்.

எம்ரிஸ் வீட்டு உறைபெட்டியில் இருந்த ஐஸெல்லாம் வந்தது. போதாமல் உறைந்த பட்டாணிப் பொட்டலங்களும் வந்தன. மருத்துவர் வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, "மூணு நாள் போகட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும்," என்றார்.

அந்த மூன்று நாளும் ஹெலெத்தால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றியது. லாயத்துக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தாள். எம்ரிஸும் வந்து வந்து வாசலிலேயே நின்றார்.

"நிக்குதா?"

"நிக்குது."

நான்காம் நாள் குளம்பு சில்லென்றிருந்தது. மேனின் தயங்காமல் நடந்து வெளியே வந்தது.

"நீ சொன்னத நான் காதுல வாங்கியிருக்கணும்," என்றார் எம்ரிஸ். "அந்தப் புல்லை என் ஆடுங்க தின்னு தீர்க்கட்டும். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா இதை விடு."

"வேலியில மட்டும் கை வைக்காதீங்க."

"வைக்க மாட்டேன் தாயி!"

மத்தியானம் எழுபது ஆடுகள் மேய்ச்சலில் இறங்கின. ஹெலெத் சாப்பிட உட்கார்ந்தாள். பாதியில் எழுந்து போய், குளம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.