அறையின் சத்தம்

"நாளைக்கும்னு சொல்றதுல உனக்கு என்ன கஷ்டம்? ஒரே ஒரு வார்த்தை—"

"நீ இந்த நாற்காலியில உக்காந்து சொல்லிப் பாரு, அப்பத் தெரியும்—"

"நான் சொன்னா எவன் பாக்கப் போறான், பாப்பா? மூஞ்சி லட்சணமா இருக்கறது நீதானே—"

"பேச விடேன்ணா, ஒரு நிமிஷம்—"

"பேசத்தானே சொல்றேன் காலையிலேருந்து!"

லைட் வெளிச்சம் முகத்தில் விழும்படி வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்த அண்ணி கையை மாற்றிக்கொண்டாள். "ஒருத்தர் கத்தி முடிச்சப்புறம் இன்னொருத்தர் கத்துங்க. எனக்குத் தோள்பட்டை கழண்டு கீழ விழுந்துடும்."

இது எட்டாவது தடவை. அண்ணன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். தங்கை, அவன் கொண்டுவந்து கொட்டுவதை வெட்டிக் கோத்துப் படமாக்குகிறவள். முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். ஆறு வருஷமாக வாய்ச்சொல்லிலேயே ஓடிய தொழிலுக்கு இப்போது விளம்பரம் வேண்டுமாம். வசனம்கூட அவனே எழுதிவிட்டான். 'அண்ணன் எடுப்பாரு, நான் கோப்பேன். உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னைக்கும் நாங்கதான், நாளைக்கும் நாங்கதான்.' இன்னைக்கும் வரை பாப்பாவுக்குத் தடங்கலில்லை. அடுத்த சொல்லில் வந்து நின்றுவிடுகிறாள்.

எப்படி நிற்காமல் இருப்பாள்? திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வேறொரு ஊரில், ஒரு செய்தி நிறுவனத்தில், வேலையில் சேர வேண்டும். சரி என்று பதில் எழுதி நாலு நாளாகிறது. அண்ணனுக்கு இன்னும் தெரியாது. சொல்லாமல் இல்லை, சொல்ல ஆரம்பித்தாள். முதல் தடவை அவன் போன் அடித்தது. இரண்டாம் தடவை, "அண்ணா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றதுமே, "தெரியும் தெரியும், புதுக் கம்ப்யூட்டர்தானே, அடுத்த மாசம் வாங்கிடலாம்" என்று அவனே பேச்சை முடித்து எழுந்து போய்விட்டான்.

நாற்காலிக் கையில் உரிந்துகிடந்த டேப்பை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தாள். கறுப்புத் துணி ஒட்டிய ஜன்னலும் இரண்டு கம்ப்யூட்டர் திரைகளும்தான் அவளுடைய ஆறு வருஷம். முன்னூறு கல்யாணம் பார்த்திருப்பாள், ஒரு மண்டபத்தில்கூடக் கால் வைத்ததில்லை. எந்த மாப்பிள்ளைக்கு இடது கண் துடிக்கும், எந்தச் சித்தி கேமராவைக் கண்ட பிறகே அழுவாள் என்பதெல்லாம் அத்துப்படி. எல்லாவற்றிலும் அவள் முதலில் வெட்டி எறிவது அண்ணனின் குரலைத்தான். "மாப்ள, இந்தப் பக்கம். சிரிங்க. அட, சிரிங்களேன்!" வெட்டிய இடம் பொத்தலாகத் தெரியாமல் இருக்க அந்த மண்டபத்தின் வெறும் சத்தத்தை எடுத்து ஒட்ட வேண்டும். அதற்காகவே அவனுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள்: எங்கே எடுத்தாலும் கடைசியில் முப்பது வினாடி ஒருவரும் மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும், எவராவது வாயைத் திறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

"ஒம்பதாவது" என்றான் அண்ணன். "பாப்பா, எனக்காக."

அந்த 'எனக்காக' என்ன செய்ததோ, சொல்லிவிட்டாள். நாளைக்கும் நாங்கதான். தடுமாற்றமில்லை, கடைசியில் ஒரு சிரிப்புகூட வந்தது. வெளியில் வந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே பகீரென்றது.

"அப்படிப் போடு! பாத்தியா?" அண்ணன் மனைவியின் பக்கம் திரும்பினான். "என் தங்கச்சி!"

"உங்க தங்கச்சிக்கு வேர்த்துக் கொட்டுதே, அதைப் பாத்தீங்களா?" என்றாள் அண்ணி.

"லைட்டுச் சூடு. அண்ணா, இதப் போடாத. நான் என்ன சொல்ல வரேன்னா—"

"இதேதான் போடறோம். இரு, இரு, எழுந்துக்காத!" பாடத்தை ஒப்பிக்கப் போகும் பிள்ளையைப் போல அவன் முகம் மலர்ந்தது. "ரூம் டோன், அதான் நீ கேக்கற வெறும் சத்தம், எடுக்கல இல்ல? பாத்தியா, மறக்கல. முப்பது வினாடி. ஒருத்தரும் பேசக் கூடாது."

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டதால் அறைக்கென்று இருந்த சத்தம் மெல்ல மேலே வந்தது: கம்ப்யூட்டரின் முனகல், தெருவில் ஏதோ ஷட்டர் இறங்குவது, தெர்மாகோலில் அண்ணியின் வளையல் உரசுவது. அண்ணன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணினான். அவன் வாய் மூடி இருப்பதே இந்த அரை நிமிஷத்தில்தான். பத்து. பதினைந்து. இருபது.

"அண்ணா, திங்கக்கிழமையிலேருந்து நான் வரமாட்டேன். வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்கு. சேர்றேன்னு சொல்லிட்டேன்."

ஒலி காட்டும் பச்சைக் கோடு துள்ளி ஏறி, விழுந்தது. அட்டை ஒரு சாண் கீழே இறங்கியது. பாப்பாவின் முகத்திலிருந்த வெளிச்சம் கழுத்துக்கு நழுவியது. அண்ணனின் மடக்கிய விரல் பாதியில் அப்படியே நின்றது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுலேருந்து வேணாம்ணா, இன்னும் பத்து வினாடி இருக்கு. எண்ணு."