நீலவ்வா போட்ட ஐந்து சுற்று

விபத்து வழக்கு ஏன் இப்படி இழுக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஹாவேரி கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டுகிறவன் நான். கேட்டால் வாயில் நல்ல வார்த்தை வராது. நீலவ்வாவின் கதையைச் சொல்கிறேன், நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

பியாடகி மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிறவள். ஒரு சந்தை நாளில் லாரி அவளுடைய வலது முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியது. தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் கால் தங்கும் என்றார் டாக்டர். இழப்பீடு வந்தால்தான் ஆபரேஷன். அவளுக்கு வேறு வழி கிடையாது.

முதல் வருஷம் எங்கள் வக்கீல் இனாம்தாரே பொறுக்கச் சொன்னார். காயம் எதில் போய் நிற்கும் என்று தெரியாமல் கேட்டால் குறைச்சலாகத்தான் கொடுப்பார்கள், அது நியாயம்தான். அப்புறம் லாரி முதலாளிக்குப் போன நோட்டீஸ் ஆள் இல்லை என்று திரும்பியது. டிரைவரின் லைசென்ஸ் அசலா என்று இன்சூரன்ஸ்காரர்கள் வேறு மாநிலத்துக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் வருவதற்குள் டாக்டருக்கு மாற்றல். டாக்டரைத் தேடிப் பிடித்தபோது ஜட்ஜுக்கு மாற்றல். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீலவ்வா கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

"அண்ணே, இன்னிக்காவது முடியுமா?"

"முடியும், முடியும்."

"போன வருஷமும் இதே வாயாலதான சொன்னே!"

ஐந்தாம் வருஷம் டாக்டர் ஒருவழியாக வந்து, இவளால் குந்தவோ தனியாக எழுந்திருக்கவோ முடியாது என்று சாட்சி சொன்னார். தீர்ப்புதான் பாக்கி. அங்கேதான் சனியன் பிடித்தது. வழக்கு முடிந்தால் கோயிலை ஐந்து சுற்று, விழுந்து கும்பிட்டு எழுந்து தண்டம் போடுவதாகத் துர்கவ்வா அம்மனுக்கு வேண்டியிருந்தாள். நேர்த்திக்கடனை முதலில் தீர்த்துவிட்டால் அம்மன் வழக்கை முடிக்காமல் இருக்கமாட்டாள் என்று எவளோ ஏற்றிவிட, முன்கூட்டியே போட்டுவிட்டாள். நாத்தனார் கங்கவ்வாவும் இரண்டு பெண்களும் அக்குளில் கை கொடுத்து ஒவ்வொரு தடவையும் தூக்கி நிறுத்தினார்கள். கங்கவ்வாவின் மகள் அதை வீடியோ எடுத்து, தூக்குகிற இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு ஊருக்கெல்லாம் அனுப்பினாள். அது இன்சூரன்ஸ் வக்கீல் தேசாயின் போனுக்கும் போனது. அவர் மனுப் போட்டு நீலவ்வாவை மறுபடி கூண்டில் ஏற்றி வீடியோவைக் காட்டினார்.

"இதுல விழுந்து எழுந்திரிக்கிறது யாரும்மா?"

"நான்தாங்க."

"யாராவது பிடிச்சுத் தூக்கினாங்களா?"

ஓர் 'ஆமாம்' போதும். நான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு ஜட்ஜைப் பார்த்தாள்.

"இல்லைங்க. நானேதான் எழுந்தேன்."

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அடிப் பாவி! தூக்கினாங்கன்னு சொன்னா நாக்கு வெந்துடுமா?"

"அடுத்தவ தூக்கினா அது தண்டமாண்ணே? துர்கவ்வாகிட்ட போட்டேன்னு சொல்லிட்டு, இங்க வந்து இல்லேன்னு சொல்லவா? அப்புறம் இந்த வழக்கை யாரு முடிச்சு வைப்பா, நீயா?"

அவளை அறையலாம் போலவும் இருந்தது, காலில் விழலாம் போலவும் இருந்தது.

ஊனம் நிஜம்தானா என்று ஹுப்பள்ளி மருத்துவக் குழு மறுபடி பார்க்கட்டும் என்று ஜட்ஜ் உத்தரவு போட்டார். குழு கொடுத்த தேதிக்குப் பதினொரு மாசம் இருந்தது. தண்டம் போட்ட அன்றே தகடு அசைந்து புண் திறந்திருக்கிறது. அம்மன் ஏற்கவில்லை என்று ஊர் பேசுமே என்று துணியைச் சுற்றிச் சேலையால் மறைத்தே வைத்திருந்தாள் மகராசி. நாற்றம் வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

"இப்ப நம்ம கேஸ் ரொம்ப ஸ்ட்ராங், ஷங்கரப்பா" என்றார் இனாம்தார் என்னிடம். அவர் உப்பைத் தின்கிறவன் நான், பல்லைக் கடித்துக்கொண்டு கேஸ் கட்டை அடுக்கினேன்.

அடுத்த வாய்தாவில் தேசாய் எழுந்தார். கால் போனதற்கு லாரி காரணமில்லை, இந்த அம்மாள் போட்ட தண்டம்தான் காரணம், காலை எடுத்த டாக்டரை விசாரிக்க வேண்டும் என்றார். ஜட்ஜ் மூன்று மாசம் தள்ளிப் போட்டார்.

வராந்தாவில் இரண்டு அக்குள் கட்டைகளையும் சுவரில் சாய்த்துவிட்டு நீலவ்வா உட்கார்ந்திருந்தாள். "தேசாய் வக்கீல் என்னண்ணே சொன்னாரு?"

மறைத்து என்ன ஆகப்போகிறது? "உன் காலை எடுத்தது லாரி இல்லையாம். துர்கவ்வாவுக்குப் போட்ட தண்டமாம்."

ஒரு கட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ அவளையும் வழக்குல சேர்ப்பாங்களாண்ணே? சேர்த்தா இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.