சேவுகன் பேரில் நடந்த நடை

சார்ஜாவிலிருந்து கடிகாரம் வந்த அன்று சொர்ணத்தின் வீட்டில் ஒரே கூத்து. மகன் அறிவுச்செல்வனோடு அங்கே ஒரே அறையில் தங்கியிருக்கும் சந்தோஷ்குமார் லீவில் வந்திருந்தான். சொந்த வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியும் கையுமாக விராலிமலையில் பஸ் இறங்கி நேரே இங்கே வந்துவிட்டான். அட்டையைப் பிரித்தால் உள்ளே கறுப்பு ரப்பர் வார் போட்ட சின்னப் பட்டை ஒன்று. சொர்ணத்தின் வீட்டுக்காரர் சேவுகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னடா முள்ளையே காணோம் என்றார்.

இது மணி பார்க்க இல்லை பெரியப்பா, நடக்கிறதை எண்ணும், நெஞ்சுத் துடிப்பைச் சொல்லும், எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்றுகூடச் சொல்லும் என்று சந்தோஷ்குமார் விளக்கினான். தூங்குகிறவனை வேலை மெனக்கெட்டு எவனாவது பார்த்துக்கொண்டிருப்பானா என்று சேவுகன் கேட்டார். நியாயமான கேள்விதான்.

போன வருசம் கடலை பிடுங்குகிற சமயத்தில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. திருச்சிக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துக் கூட்டிவந்தார்கள். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் ஒரு தடவை சொன்னதை அறிவு நூறு தடவை போனில் சொன்னான். நடந்தீர்களா என்று கேட்டால் நடந்தேனே என்பார். நடந்தாரா இல்லையா என்பது அவருக்கும் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கும்தான் தெரியும். அதனால்தான் மகன் கடிகாரத்தை அனுப்பிவிட்டான்.

சேவுகனிடம் இருந்தது பட்டன் போன். ஆகவே சொர்ணத்தின் போனில்தான் எல்லாம் ஏற்ற வேண்டியிருந்தது. ப்ளூடூத்தைப் போட்டதும் போனிலும் கடிகாரத்திலும் ஒரே எண் வந்தது. பிறகு அது பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. பேர் என்ன, ஆணா பெண்ணா, பிறந்த வருசம் என்ன, உயரம் என்ன, எடை என்ன, எந்தக் கையில் கட்டப்போகிறீர்கள். ஆதார் அட்டையில் இருக்கிற வருசம் தப்பு, எனக்கு அவ்வளவு வயசு ஆகவில்லை என்று சேவுகன் சண்டைக்கு நின்றார். உயரத்துக்கு அவரைக் கதவு நிலையில் சாய்த்து நிற்க வைத்து, தலைக்கு மேல் சொர்ணம் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். எடை மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது.

கட்டியதும் அடியில் பச்சை விளக்கு மினுக்கியது. திரையில் எண் வந்தது. வீடியோ காலில் இருந்த அறிவு, அதே கணக்கைப் போட்டிருந்த தன் இன்னொரு போனைத் தூக்கிக் காட்டினான். அங்கேயும் அதே எண்.

"அப்பா, ஒங்க நெஞ்சு இங்க எங் கையில துடிக்கிதுப்பா" என்றான்.

சொர்ணம் அடுப்பைப் பார்க்கப் போகிறவளைப் போல எழுந்து உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரே பிள்ளை. இரண்டு வருசமாக அவன் முகத்தை அந்தக் கண்ணாடிக்குள்தான் பார்க்கிறாள். இனி அவனும் அப்பனைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக்கொள்வான் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. சேவுகன் எழுந்தது, உட்கார்ந்தது எல்லாம் சார்ஜாவுக்குத் தெரிந்துவிட்டது. அறிவு தினம் சாயங்காலம் கூப்பிட்டு, என்னப்பா இன்றைக்கும் நாற்காலிதானா என்று கேட்டான். ரோசம் வந்து ஒரு நாள் கண்மாய்க்கரைக்குக் கிளம்பிப் போனவர், பாதியிலேயே திரும்பிவந்தார். வாசலில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. சொர்ணம் பதறிப்போய், மகனுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்தாள். அவர் போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொன்னா வேலையப் போட்டுட்டு ஓடியாந்துருவான். வைகாசில வாரேன்னுருக்கான்ல, அப்பப் பாத்துக்கலாம். இது மூச்சு வாங்குறதுதான், வேற ஒண்ணுமில்ல."

"எங்கிட்டயாச்சும் சொல்லுங்க, வலிச்சா."

"சொல்றேன், சொல்றேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவர் குளிக்கப்போன ஒரு காலையில்தான் அது நடந்தது. கழற்றிக் கொடுத்த கடிகாரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சொர்ணம் தன் கையில் மாட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஆட்டுக்குட்டி ஒன்று கயிற்றை உருவிக்கொண்டு ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு கண்மாய்க்கரை முழுக்கச் சுற்றினாள். திரும்பியதும் கடிகாரத்தை அவரிடம் கொடுத்துவிட்டு மறந்தும்போனாள். சாயங்காலம் மகன் கூப்பிட்டான். அவன் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை அவர்கள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அப்பா கலக்கிவிட்டீர்கள், இன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கும் என்றான். சேவுகன் சொர்ணத்தைப் பார்த்தார். சொர்ணம் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆமாடா, கரை வரைக்கும் போய்வந்தேன், காற்று நன்றாக இருந்தது என்று அவர் ஒரு போடு போட்டார். போனை வைத்ததும் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், என்னமோ ஏதோ என்று பக்கத்து வீட்டு முனியாயி எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் கடிகாரத்தை அவரே கழற்றி நீட்டினார்.

"இந்தா, எனக்கும் சேத்து நடந்துட்டு வா."

விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் சொர்ணத்துக்கு அது விளையாட்டாக ரொம்ப நாள் இருக்கவில்லை. அவருக்கு நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் பிழைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று நார்த்தாமலை மாரிக்கு வேண்டியிருந்தாள். பங்குனியில் காலில் செருப்பில்லாமல் தார்ரோட்டில் குடம் சுமந்து போனாள். வெந்தது அவள் கால், எழுந்து உட்கார்ந்தது அவர். வீட்டில் ஒருத்தி பட்டினி கிடந்தால் இன்னொருவருக்குக் காய்ச்சல் இறங்குகிற ஊர்தான் அது. சுமக்கிற தலை ஒன்று, பலன் போகிற உடம்பு வேறு என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அப்படியிருக்க, அவர் பேர் எழுதிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அவள் நடந்த நடை மட்டும் அவருக்குப் போய்ச் சேராதா?

அதனால் அதை ஒரு நேர்த்திக்கடன் மாதிரியே செய்தாள். விடிந்ததும் கட்டிக்கொள்வாள். கரைமேல் ஏறி மடை வரைக்கும் போவாள். மடையருகே நின்று நார்த்தாமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, தாயே அவர் நெஞ்சைப் பார்த்துக்கொள் என்பாள். பிறகு மறுகோடி வரைக்கும் நடந்து திரும்புவாள். மழை பெய்த அன்றுகூட முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்ததும் கடிகாரம் அவர் கைக்கு மாறிவிடும்.

மகனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் துடிப்பு வயசுப் பையன் துடிப்பு மாதிரி இருக்கிறதாம். திருச்சிக்கு மறுபடி காட்டப் போக வேண்டிய நாள் நெருங்கியபோது, இவ்வளவு நன்றாக இருக்கையில் இந்த வெயிலில் எதற்கு அலைய வேண்டும், வைகாசியில் நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றான். சேவுகனுக்கு அது வயிற்றில் பால் வார்த்த மாதிரி. கடிகாரமே சொல்கிறது பார் என்று கையை ஆட்டிக் காட்டினார். அது யாருடைய துடிப்பு என்று தெரிந்த ஒரே ஆள் சொர்ணம்தான். தெரிந்தும் அவள் தலையாட்டினாள். தினம் கேட்டுக் கேட்டு, அவருக்கு நன்றாகிவிட்டது என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சித்திரையில் ஒரு காலை. அவள் கிளம்பும்போது அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சீக்கிரம் வந்துவிடு என்றார். ஒரு நாளும் அப்படிச் சொல்லாத மனுசன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மடையில் நின்று கும்பிட்டாள், முழுக்கரையும் சுற்றினாள், திரும்பி வந்தாள். அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கத்த வாயைத் திறந்தாள். கண்ணில் பட்டது தன் மணிக்கட்டுதான். அங்கே அவர் பேரில் அவள் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை பார்ப்பான் என்பது ஒன்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது. வாரை அவிழ்த்து அவர் கையில் கட்டினாள். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. எண் வரவில்லை. இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் வந்து நின்றன. அதற்குப் பிறகுதான் அவள் முனியாயியைக் கூப்பிட்டு அலறினாள்.

மறுநாள் அறிவு வந்து இறங்கினான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது ஓய்ந்ததும், துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் போனைத் திறந்து காட்டினான். கடைசி நாள்கூட என் அப்பா நடந்திருக்கிறார், நடந்து வந்து உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார், கஷ்டப்படவில்லை என்றான். கொடுத்துவைத்த சாவு என்று பெரியவர்கள் சொன்னார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த சொர்ணத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தாள். அந்தப் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள இருந்த ஒரே கொம்பு அந்தப் போன்தான். அதையும் ஒடித்துவிட்டு எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது?

காரியத்தன்று உறவுக்காரப் பெண்கள் அவள் வளையல்களைக் கழற்றினார்கள். எல்லாரும் போன பிறகு அறிவு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு பெட்டியிலிருந்து அப்பாவின் கடிகாரத்தை எடுத்தான். அப்பா பேரில் இருப்பதை அழிக்க மாட்டேன், என் போனில் அப்படியே இருக்கும், இனி இது உன் பேரில் என்றான். பேர், பெண், பிறந்த வருசம் என்று மறுபடி அதே கேள்விகள். உயரத்துக்கு அவளைக் கதவு நிலையில் நிற்க வைத்தான். சேவுகனின் பென்சில் கோடு அவள் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அவன் வாரை இழுத்துக் கட்டும்போது சொர்ணம் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"கெடக்கட்டும் ஆத்தா. ஒங்கையி சும்மா கெடக்கறத என்னால பாக்க முடியல."

இழுத்த கையை அவள் மறுபடி நீட்டினாள்.

அவன் திரும்பிப் போய்விட்டான். அதுவரை சொர்ணத்தின் ஆடுகளை ஓட்டிப்போன முனியாயிக்கும் நாற்று வேலை வந்துவிட்டது. சொர்ணம் மறுபடி கரைமேல் ஏறினாள். யாருக்காக நடக்கிறோம் என்று தெரியாத நடை. கால்தான் பழக்கத்தில் போனது. மடை வந்ததும் அதுவாக நின்றது, கை அதுவாகக் கூப்பியது.

ஒரு வெள்ளிக்கிழமை அறிவு வீடியோ காலில் கூப்பிட்டான். சாப்பிட்டாயா, ஆடு குட்டி போட்டதா என்று எதையெதையோ கேட்டான்.

"ஆத்தா, நீ தெனமும் கரையில ஒரு எடத்துல நிக்கிறியே. எந்த எடம் அது?"

மடைக்கிட்டே என்றாள்.

"அங்க எதுக்கு நிப்ப?"

"ஒங்கப்பா நெஞ்சுக்கு வேண்டிக்கிறதுக்குத்தான்" என்றாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

அப்பாவும் தினம் அங்கேதான் நின்றார் என்று அறிவு மெதுவாகச் சொன்னான். கரை ஏறும்போது துடிப்பு ஏறுவதும், அந்த இடத்தில் இறங்குவதும், மறுபடி ஏறுவதும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கிறதாம். சில நாளாகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

"அப்பா நடக்கவே இல்லியா?"

"அவரால முடியலய்யா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஆட்டுக்குட்டி ஓடியதை, இரண்டு பேரும் சிரித்ததை, அவர் நெஞ்சைத் தடவியதை, சீக்கிரம் வந்துவிடு என்றதை, கடைசியில் வாரை அவிழ்த்து அவர் கையில் கட்டியதை. அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் திட்டவில்லை. நடங்க நடங்க என்று நான்தானே விரட்டினேன், திருச்சிக்குப் போக வேண்டாம் என்று நான்தானே சொன்னேன் என்று குழந்தை மாதிரி விசும்பினான். கையெட்டும் தூரத்தில் இருந்தால் அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டிருப்பாள். போனைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொள்ள முடிந்தது.

விசும்பல் அடங்கியதும் அவன் சொன்னான்.

"ஒனக்கு எதுனாலும் வலிச்சா வாயத் தொறந்து சொல்லிரு ஆத்தா. இதப் பாத்து இனிமே நா ஒண்ணும் நம்ப மாட்டேன்."

"சொல்றேன்" என்றாள்.

சொன்னதும் அவளுக்குச் சேவுகனின் முகம் நினைவுக்கு வந்தது. அவரும் இதே சொல்லைத்தான் சொன்னார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. சொர்ணம் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"கரை ஏறயில வலது முட்டி வலிக்கிதுய்யா. ரெண்டு மாசமாவே வலிக்கிது."

எப்படி வலிக்கிறது, சொல்லு என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான். அவள் சேலையை முட்டிவரை தூக்கி, வீங்கின இடத்தை அவனுக்குக் காட்டினாள்.