மைனாவுக்குத் தெரிந்த நைட்டி

மனிதனை நம்பி ஒரு பறவை அவன் உள்ளங்கையில் வந்து அமரும் அந்தக் கணத்தில்தான் நாகரிகம் தன் உச்சியைத் தொடுகிறது. பறவை ஆர்வலர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அதன் செயலாளர் இப்படி ஆரம்பித்தபோது, மின்விசிறியைத் தவிர வேறெதுவும் அசையவில்லை. தன் வீட்டுக் கொல்லையில் தினமும் காலையில் மைனாக்கள் கையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுவிட்டுப் போகின்றன என்று முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

எல்லாம் உண்மைதான். கை மட்டும் அவருடையதல்ல, அவர் மனைவியுடையது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் 'பறவை சார்' என்று பெயர் வந்திருந்தது. அதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. உடம்பெல்லாம் பை வைத்த மேல்சட்டை, காதை மூடும் தொப்பி, பால் வாங்கப் போனாலும் கழுத்தில் ஊசலாடும் பைனாகுலர். காலையில் மனைவி பழைய நீல நைட்டியோடு கொல்லையில் நின்று கடலையை நீட்டுவாள். சார் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால், கழுவாத பாத்திரங்களுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கூப்பிடு தூரம்கூட இல்லாத மைனாவைப் பைனாகுலரில் பார்ப்பார். அவ்வளவு பக்கத்தில் அது மங்கலாகத்தான் தெரியும்.

சங்கத் தலைவரான பல் டாக்டர் வாசல்வரை வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், ஞாயித்துக்கிழமை காலையில நாங்க எல்லாரும் உங்க வீட்டுக்கு வர்றோம். அதைக் கண்ணால பாத்துடணும். அடுத்த மாசம் நான் விலகுறேன், தெரியுமில்ல? இந்த நாற்காலி உங்களுக்குத்தான்."

"தாராளமா வாங்க" என்றது வாய். கால்கள் அதற்குள் படியிறங்கிவிட்டன.

வீட்டில் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னார்.

"யார் கையில உக்காருதுன்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

"நம்ம வீட்டுல, பொதுவா..."

"பொதுவான கைன்னு ஒண்ணு இருக்கா? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாம போச்சே."

மறுநாள் அவர் தொப்பி சகிதம் கடலையோடு போய் நின்றார். மைனாக்கள் ஒட்டுமொத்தமாக மின்கம்பிக்கு ஏறி, அங்கிருந்து திட்டின. பறவைகளின் குரல்களை அலசி அவர் ஒரு கட்டுரையே வாசித்திருந்தார். இந்தத் திட்டுக்கு அந்தக் கட்டுரை தேவைப்படவில்லை. அடுத்த நாளும் அதே கதை.

"அதுங்க முகத்தையா பாக்குது? இந்த நைட்டியைத்தாங்க தெரியும்" என்றாள் மனைவி. "போன மாசம் புதுசு ஒண்ணு போட்டுக்கிட்டுப் போனேன், ஒண்ணுகூட எட்டிப் பாக்கலை. நீங்க இந்தக் கோலத்துல நின்னா, துப்பாக்கி எங்கேன்னுதான் தேடும். பேசாம அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. நானே வந்து நிக்கறேன். என்ன, தலையா போயிடும்?"

தலை போகாது. நாற்காலி போகும்.

சனிக்கிழமை மாலை அவர் மெதுவாக ஆரம்பித்தார். "உன் தங்கச்சியைப் பாத்து ரொம்ப நாளாச்சே. போய் ஒரு ராத்திரி இருந்துட்டு வாயேன்."

கல்யாணமானதிலிருந்து அவர் வாயில் வராத வாக்கியம் அது. டம்ளரை உடைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்ப்பதுபோல் அவள் பார்த்தாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "கடலை அலமாரியில மேல் தட்டுல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ் நிறுத்தம்வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். உடம்பெல்லாம் கூசியது. பஸ் வந்தது. பையை ஏற்றிக் கொடுத்தார்.

ஞாயிறு விடியற்காலை, நீல நைட்டி கொடியில் தொங்கியது. அவர் போட்ட கணக்கு எளிது. அதைப் போட்டுக்கொண்டு நிற்பது; மைனாக்களுக்குத் தன் முகம் பழகியதும், ஆட்கள் வருவதற்குள் கழற்றிவிடுவது. தன்னைத் தானே பார்க்கும் தைரியம் இல்லாததால் விளக்குப் போடாமலே மாட்டிக்கொண்டார். கழுத்தை இறுக்கியது. பெண்கள் எப்படித்தான் இதைத் தாங்குகிறார்களோ என்று முதல்முறையாக அவள்மேல் இரக்கம் வந்தது. ஈரத் தலைக்கு அவள் கட்டுவதுபோல் ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கொல்லையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்று கையை நீட்டினார்.

ஒரு மைனா வந்தது. தலையைச் சாய்த்து நைட்டியை மேலும் கீழும் பார்த்தது. தாவிக் கட்டைவிரலில் உட்கார்ந்தது.

கனமே இல்லை. நகங்கள் மட்டும் லேசாகப் பதிந்தன, சூடாக. கண்ணைச் சுற்றிய மஞ்சள் தோலில் ஒரு சுருக்கம்கூடத் தெரிந்தது. பைனாகுலரில் ஒருநாளும் தெரியாத சுருக்கம். இதைத்தான் அவள் தினமும் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். அவர் நேரத்தை மறந்தார்.

மணி அடிக்கக் கூடாது, செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது, கொல்லைப் பக்கமாகவே வர வேண்டும் என்று சங்கத்தாருக்கு உத்தரவு போட்டிருந்தவரும் அவரேதான். பறவை பார்க்கிறவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பார்கள் என்பதுதான் ஞாபகத்தில் இல்லை.

"அடடா, கையிலேயே உக்காந்திருக்கு!" முதுகுக்குப் பின்னால் பல் டாக்டரின் குரல் கிசுகிசுத்தது.

பறவை சார் சுவரையே பார்த்து நின்றார். திரும்பினால் நைட்டி. திரும்பாவிட்டால் பொய். மைனா சாவகாசமாக அடுத்த கடலையை எடுத்தது.

"மேடம், சார் எழுந்தாச்சா?"

துண்டு கட்டிய தலை, இல்லை என்று ஆடியது. யாரோ இருமினார்கள்.

"அப்ப இத்தனை நாளும் கடலை வெச்சது நீங்கதானா மேடம்?" என்று கேட்டது சங்கப் பொருளாளரான டீச்சரம்மா.

தலை இந்த முறை, ஆமாம் என்று ஆடியது. சொந்தத் தொப்பிக்குள்ளிருந்து சொல்ல முடியாததை அவள் துண்டுக்குள்ளிருந்து சொல்ல முடிந்தது. காது மடல்கள் எரிந்தன.

"எங்களுக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்றார் டாக்டர். "திரும்பாதீங்க மேடம், திரும்பவே வேணாம். பறவை பயந்துடும். நாங்க வந்துட்டுப் போனோம்னு சார்கிட்ட சொல்லிடுங்க."

ரொம்ப மரியாதையாகத்தான் போனார்கள். தெருவுக்குப் போன பிறகுதான் ஒரு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, அவசரமாக இருமலாக மாறியது.

நாற்காலி போனாலும் மானம் தப்பியது என்று எண்ணியபடி அவர் குளியலறைக்கு ஓடி விளக்கைப் போட்டார். கழற்றுவதற்காக நெஞ்சில் ஜிப்பைத் தேடினார். அங்கே இல்லை. அது முதுகில் இருந்தது, இடுப்புவரை திறந்து. உள்ளே அவர் போட்டிருந்தது சங்கத்தின் பச்சைச் சட்டை. அதன் முதுகில் கொட்டை எழுத்தில் 'செயலாளர்' என்று அச்சிட்டிருந்தது.