கொக்கியில் தொங்கிய அம்மாக்கண்ணு

தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் அம்மாக்கண்ணு தராசுக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலை மடக்கினாள். மடுவக் கொட்டகையின் குறுக்குச் சட்டம் முனகியது.

"யக்கா, மடுவத்த சாச்சிப்புடாதீங்க. நாளைக்குக் கொழுந்த எங்க நிறுக்கிறது?" என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜெகதீஸ்வரி.

தராசில் எண் தெரிவது கணக்கப்பிள்ளை சோலைமலை நிற்கும் பக்கம்தான். அவர் சிரித்துக்கொண்டே "எழுபத்தெட்டு" என்றார்.

போன மாதம் டவுன் ஆஸ்பத்திரியில் எண்பத்திரண்டு கிலோ இருந்தாள். கர்ப்பப்பையில் கட்டி. எடுத்தே ஆக வேண்டும், ஆனால் எழுபத்தாறுக்கு மேல் இருந்தால் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று டாக்டர் மூன்று மாதம் தள்ளித் தேதி போட்டிருந்தார். கிளினிக் நர்ஸ் மிஸ்தான் உட்கார வைத்துச் சொன்னாள்: "ஒரேயடியா கொறைக்கப் பாக்காதீங்க அம்மா. மாசம் ரெண்டு கிலோன்னு வச்சிக்கங்க. காலையில கொஞ்ச தூரம் நடங்க." மலை ஏறி இறங்குகிறவளை நடக்கச் சொன்ன கதையை ஜெகதீஸ்வரி லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அம்மாக்கண்ணுவால் நடப்பதைக் கூட்ட முடியாது; சாப்பாட்டைக் குறைத்தாள். தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்தினாள். இரண்டு ரொட்டி ஒன்றானது. மேட்டு மலையில் கண் இருட்டும்போது தேயிலைச் செடியின் வாதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் பழைய சேலைத் துணி நனைந்து கனக்கும். மழையில் எது ரத்தம், எது தண்ணீர் என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டு கிலோ என்று வைத்தால் நாலு குறைகிறதே என்பதுதான் ஒரே தெம்பு. இரண்டாம் மாதம் சோலைமலை "எழுபத்தஞ்சு" என்று வாசித்தார். அன்றைக்கு ராத்திரி இரண்டாவது ரொட்டியைச் சுட்டாள். கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தாள். கடைசி வரை கொக்கியில் எழுபத்தைந்துதான் காட்டியது.

தேதி அன்றைக்கு ஆஸ்பத்திரித் தராசு எழுபத்தெட்டு காட்டியது.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். எழுபத்தெட்டு. "எங்க தோட்டத்துத் தராசுல எழுபத்தஞ்சுங்க" என்றாள். மிஸ் அட்டையில் எழுபத்தெட்டு என்று எழுதினாள். அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து.

கினிகத்தேனை ஊரைத் தாண்டும்வரை திரும்பும் பஸ்ஸில் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள், அந்த ரொட்டியை நினைத்து. அதற்குப் பிறகுதான் இரண்டு தராசுக்கும் நடுவில் இருந்த மூன்று கிலோ அவள் மனதில் உறைத்தது. கொழுந்து கட்டும் சாக்கின் எடைக்கு என்று இரண்டு கிலோ வெட்டுவது ஊரறிந்தது. இது தராசுக்கு உள்ளேயே இருக்கிற மூன்று. தனக்கு மட்டுமில்லை, கூலிக்குக் கொழுந்து நிறுக்கிற எல்லாருக்கும். ஒவ்வொரு சாக்குக்கும், ஒவ்வொரு நிறுவைக்கும்.

மறுநாள் பகல் நிறுவை. அவள் முறை வந்தபோது கொழுந்தைக் கீழே வைத்துவிட்டுக் கொக்கியைப் பிடித்தாள்.

"மொதல்ல கொழுந்த மாட்டு புள்ள, நேரமாகுது" என்றார் சோலைமலை.

"வாசிங்க ஐயா. நேத்து ஆஸ்பத்திரியில எழுபத்தெட்டு. இங்க எத்தன?"

 சோலைமலையின் கை தராசை அணைக்கிற பொத்தானுக்குப் போய், பாதியில் நின்றது.  பின்னால் வரிசையில் ஒருத்தியும் தலைச்சுமையை இறக்கவில்லை.

அம்மாக்கண்ணுவின் விரல்கள் கொக்கியில் வழுக்கின. கெண்டைக்காலில் ஒரு சிவப்புக் கோடு இறங்கி, சிமெந்துத் தரையில் சொட்டியது. அவள் காலை ஊன்றவில்லை.

ஜெகதீஸ்வரி தன் கொழுந்தைக் கீழே போட்டுவிட்டு, தராசில் எண் தெரியும் அந்தப் பக்கத்துக்குச் சுற்றிப் போனாள்.