விட்டுவிட்டு வந்த நெட்

வாஷிங் மெஷின் தண்ணீரைக் கக்குகிறது என்று எங்கிருந்தோ ஒரு அம்மாள் கத்திக்கொண்டிருந்தபோது நெட் மறுபடியும் போனது. கத்தல் பாதியில் நின்றது. மருமகள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கோபமாவது வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

கணவன் போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவள் ஒரு பாட்டம் அழவும் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் 'கல்நெஞ்சுக்காரி' என்று ஒருவர் காதை ஒருவர் கடித்துக்கொண்டு போனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. சமைத்தாள், துணி மடித்தாள், மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

வீட்டில் இப்போது இரண்டே பேர், அவளும் மாமனாரும். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்லும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. கிடைத்திருந்தது என்றால் சோதனைக்கு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமையோடு சோதனை முடிகிறது. "இன்னொரு வாட்டி லைன் கட்டாச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. உங்க இடத்துக்கு ஆள் வரிசையில நிக்குது" என்று டீம் லீடர் சொல்லிவிட்டார். வேலை சரிப்படவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தான். அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு கட்டில் போடலாம். மாமனாருக்குப் போட முடியாது. அதை அண்ணன் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் அவள் நெட்டோடு மல்லுக்கட்டினாள். மோடத்தை அணைத்துப் போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மோடத்தைச் செருப்பு அலமாரிமேலிருந்து புத்தக அலமாரிமேல் ஏற்றினாள். ஓர் உறவுக்காரர் சொன்னார் என்று மீன்தொட்டியைக்கூட இடம் மாற்றினாள். மீன்கள்தான் குழம்பிப்போயின. நெட் அதுபாட்டுக்கு இரண்டு மணி நேரம் சமர்த்தாக இருக்கும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த நேரத்திலும் கம்ப்யூட்டர் மூலையில் 'இணைந்திருக்கிறது' என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஹாலில் மோடத்தில் பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். யாருமே பொய் சொல்லவில்லை, வேலை மட்டும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை காலை நெட்காரர் வந்தார். மூன்றாவது தடவை. முதல் தடவை வயரைக் குற்றம் சொன்னார், இரண்டாம் தடவை சுவரைக் குற்றம் சொன்னார். மகன் போனதிலிருந்து வெளியாள் யார் வந்தாலும் மாமனார் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இன்றைக்கும் சாத்திக்கொண்டார். நெட்காரர் டீயைக் குடித்துவிட்டுத் தன் போனைக் கையில் ஏந்தி வீட்டைச் சுற்றி நடந்தார். ஹாலிலிருந்து கம்ப்யூட்டர் அறைக்கு வந்ததும் நின்றார்.

"என்னங்க இது? மோடம் ஹால்ல இருக்கு. தள்ளி வந்தா சிக்னல் குறையணும். இங்க கூடுது!"

"அப்படின்னா?"

"உங்க வீட்டுல ரெண்டு வைஃபை ஓடுது. ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு. உங்க கம்ப்யூட்டர் அதுக்கும் இதுக்கும் தாவுது. ரெண்டாவதுல நெட்டே இல்ல, வெறும் டப்பா. யாரோ போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு வச்சிருக்காங்க." அவர் சுவரைத் தட்டினார். "இதுக்குப் பின்னாடி."

சுவருக்குப் பின்னால் மாமனாரின் அறை.

யார் செய்த வேலை என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மோடம் அணைந்துபோனால் ஆளாளுக்குத் தன்னைக் கூப்பிட்டு உயிரை வாங்குகிறார்கள் என்று, கணவன் தன் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கும் வீட்டு வைஃபையின் பெயரையே வைத்திருந்தான், பாஸ்வேர்டு உட்பட. ஹாட்ஸ்பாட்டை அவன் அணைப்பதே இல்லை, மோடம் போனால் கம்ப்யூட்டர் தானாக அவன் போனில் ஒட்டிக்கொள்ளும். சோம்பேறி மூளைதான் நன்றாக வேலை செய்யும் என்று அன்று பீற்றிக்கொண்டான். அந்தப் போனை ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு அது எங்கே போனது என்று அவள் தேடவில்லை.

நெட்காரர் போனதும் அவள் மாமனாரின் கதவைத் தட்டினாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் இருந்த பிளக்கில் கணவனின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார், மூடிய பிறகுதான் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"பேசுனது கேட்டுச்சும்மா" என்றார். "நான்தான் உன் வேலையில மண்ணள்ளிப் போட்டிருக்கேன். இது இவ்வளவு பண்ணும்னு சத்தியமா தெரியாது."

"எப்பவும் ஆன்லயேவா வச்சிருக்கீங்க மாமா?"

"அலமாரியிலதான் இருக்கும். சார்ஜ் சட்டுனு இறங்கிடுது, அப்பப்ப இந்தச் சுவரோரம் கொண்டாந்து போடுவேன். பூட்டைத் திறக்கத் தெரியாது. பேச மட்டும் ஆகுற மாதிரி ரீசார்ஜ் பண்ணி வச்சிருக்கேன்."

"யார் பேசுறதுக்கு?"

அவர் துண்டை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கூப்பிடுவேன். என் போன்ல இருந்து. அவன் இருந்தப்ப மட்டும் எடுத்தானா? எப்பவும் சைலன்ட்ல போட்டுட்டுத் திரிவான். ரிங் போகும், ரிங் போகும், தானா நின்னுடும். இப்பவும் அப்படித்தான் போகுது. ரிங் போற வரைக்கும் எனக்குப் பெருசா வித்தியாசம் தெரியலம்மா."

கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். எழுந்துபோய்க் கட்டிப்பிடித்து அழுகிற மருமகள்கள் இருக்கிறார்கள், அவளால் அது ஆகாது.

"அணைச்சிடும்மா" என்றார் அவர், துண்டோடு சேர்த்துப் போனை நீட்டி. "நீ வேலையைப் பாரு. நாளைக்குக் கடைசி நாள்ல்ல? போனவன் போயிட்டான்."

பூட்டின் எண் அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. திறந்தாள். படிக்காத செய்திகள் மலைபோல் குவிந்து கிடந்தன. எதையும் பார்க்கவில்லை. நேராக அமைப்புகளுக்குப் போய் ஹாட்ஸ்பாட்டை மட்டும் நிறுத்தினாள். போனை அவரிடமே கொடுத்தாள்.

"இன்னும் எரியுதேம்மா?"

"எரியட்டும் மாமா. போன் வேற, அது வேற. இனிமே சார்ஜும் நல்லா நிக்கும்."

அவர் நம்பாமல் போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம்.

வெள்ளிக்கிழமை நெட் ஒரு தடவைகூடப் போகவில்லை. தண்ணீர் கக்கும் மெஷின், ஆடி ஆடி அடுக்களையைத் தாண்டி நடந்துபோன மெஷின், குழந்தையின் காலுறையை விழுங்கிய மெஷின் என்று எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். சாயங்காலம் டீம் லீடர் கூப்பிட்டார்.

"லைன் இன்னைக்குச் சுத்தமா இருந்துச்சுங்க. திங்கக்கிழமையிலிருந்து நீங்க நிரந்தரம்."

நன்றி சொன்னாள். ஹெட்போனைக் கழற்றினாள். மூட்டை கட்ட வேண்டியதில்லை, மாமனாரைத் தனியாக விட வேண்டியதில்லை என்று மனசு கணக்குப் போட்டுச் சொன்னது. சந்தோஷம் என்று ஒன்று வருகிறதா என்று பார்த்தாள். அதற்குள் கை தன் போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்திவிட்டிருந்தது. நல்ல சேதி என்றால் முதலில் அழுத்திப் பழகிய எண். காதில் ரிங் போன பிறகுதான் தான் யாரைக் கூப்பிட்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

கட் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. மாமனார் சொன்னது சரிதான், பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை.

ரிங் நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"சொல்லும்மா."

சுவருக்குப் பின்னாலிருந்தும் காதுக்குள்ளும் ஒரே நேரத்தில் கேட்டது.

"மாமா..."

"உன் பேரு வந்துச்சும்மா, வெளிச்சமா. என்னைத்தான் அவன் எடுக்க மாட்டான். நீ கூப்பிட்டு ஒரு நாளாவது எடுக்காம விட்டிருக்கானா? அதான் எடுத்தேன். என்ன சொல்ல வந்த?"

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். 'வேலை' வரைக்கும் வந்தது. அதற்குமேல் வார்த்தை வரவில்லை, அழுகை வந்தது. அத்தனை மாதமும் எங்கே இருந்ததோ, தேம்பித் தேம்பி வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதாள். அந்தப் பக்கம் அவரும் வைக்கவில்லை.