சமையல்காரர் கண்ட கரை

பல் டாக்டரம்மாவுக்குப் பெருமை கொஞ்சம் தூக்கல்தான். இருக்காதா பின்னே? வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர், வருஷக் கணக்காக ஒரு புத்தகத்தைத் திறக்காமல் வைத்திருக்கிறாரே!

அது ஒரு கேப்டன் தென்கடலுக்குப் போய் வந்த கதை. பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, தைத்து, ஓரத்தை நறுக்காமலே விற்ற காலத்துப் புத்தகம். வாங்குகிறவர்தான் மடிப்புகளைக் கீறிப் படித்துக்கொள்ள வேண்டும். இதை வாங்கிய மகானுபாவர்கள் ஒருவரும் கீறவில்லை. முதல் பதிப்பு, அதுவும் கீறாதது என்றால் சேகரிப்பவர்கள் உயிரை விடுவார்கள். டாக்டரம்மாவின் கிளினிக்கில், ஆட்கள் காத்திருக்கும் அறையில், கண்ணாடி அலமாரி முழுக்கக் கடல் பயணங்கள்தான். நடுநாயகமாக இது. பல் பிடுங்க வந்தவர்கள்கூட இதன் அருமை பெருமையைக் கேட்காமல் வீடு போனதில்லை. பஞ்சு வைத்த வாயால் எதிர்த்துப் பேசவா முடியும்?

வீட்டில் சமையல் அவருடைய கணவர் பொறுப்பு. மனிதர் தங்கம். ஒரே ஒரு வழக்குதான் ஓயாது.

"பழைய பேப்பர் கடையில, கட்டுக்கு அடியில இதை முதல்ல பாத்தது நான். இவ அப்போ தராசைப் பாத்துக்கிட்டு இருந்தா."

"பாத்தீங்க. கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்னுதானே எடுத்தீங்க? என்ன புத்தகம்னு தெரிஞ்சது யாருக்கு?"

விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கச்சேரி உண்டு. தீர்ப்பு எப்போதும் டாக்டரம்மா பக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பாளர்கள் கூட்டம் கிளினிக்கிலேயே நடந்தது. கணவர் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் வந்திருந்தார். அதே கேப்டன் புத்தகத்தின் இரண்டாம் அச்சு அவரிடம் இருக்கிறது. ஒரு மிடறு குடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். ரெண்டு அச்சுக்கும் முகப்பு ஒண்ணுதான். உள்ளே ஒரு இடத்துலதான் வித்தியாசம். தீவை முதல்ல பாத்தது கப்பல் சமையல்காரன்னு முதல் அச்சுல கேப்டன் எழுதினாராம். பேரும் புகழும் வந்ததும் 'நானே பாத்தேன்'னு மாத்திட்டார். என்கிட்ட இருக்கறதுல 'நானே'ன்னுதான் இருக்கு. உங்களுதுல?"

அடப்பாவி கேப்டனே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறானே!

டாக்டரம்மாவின் புத்தகத்தில் அந்தப் பக்கம் மடிப்புக்குள் இருந்தது. டார்ச் அடித்து எட்டிப் பார்த்தாலும் மேல் வரிகள் தெரியாது. கீறினால், கீறாத புத்தகம் என்ற பெருமை போச்சு. கீறிய பிறகு 'நானே' என்று இருந்து தொலைத்தால் முதல் பதிப்பு என்பதும் போச்சு. கீறாமலே பூட்டி வைக்கலாம். ஆனால் நாளைக்குப் பல் பிடுங்க வந்து உட்காருகிறவரிடம் எந்த முகத்தோடு 'முதல் பதிப்பு' என்பது? தெரியாத ஒன்றையா இத்தனை நாள் பீற்றிக்கொண்டோம் என்று டாக்டரம்மாவுக்குத் தம் மேலேயே ஆத்திரமாக வந்தது.

விறுவிறுவென்று அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார்.

ஜட்ஜே பதறிப்போனார். "வேணாம் டாக்டர். ஆழம் தெரியாம காலை விடாதீங்க."

"ஆழம் பாக்கத்தானே சார் இவங்கல்லாம் கப்பலே ஏறினாங்க?" என்று அலமாரியைக் காட்டினார் டாக்டரம்மா.

கத்தி கூர்மையாக இருந்தால் மடிப்பை விட்டு விலகித் தாளை அறுத்துவிடும். உள்ளே போய், பல் அடைக்கும் பசையைக் குழைக்கிற மெல்லிய மழுங்கல் தகட்டைத் துடைத்து எடுத்து வந்தார்.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்," என்றார் கணவர்.

எத்தனையோ பேர் வாய்க்குள் போய் வந்த கை அது; கொஞ்சமும் ஆடவில்லை. மடிப்பு சரசரவென்று பிரிந்தது. டாக்டரம்மா தமக்குள் ஒரு முறை படித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அறை அதிர வாசித்தார்.

"'கரையை முதலில் கண்டவன் நானல்ல, எங்கள் சமையல்காரன். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்ட மேலே வந்தவன், கையை நீட்டிக் கூவினான். நான் அப்போது வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.'"

முதலில் எழுந்து கை தட்டியவர் ஜட்ஜ்தான். "முதல் அச்சேதான்! மூட்டை மூட்டையா பேப்பருக்கு நடுவுல இதைக் கண்டுபிடிச்சுதே ஒரு கண்ணு, அந்தக் கண்ணுக்குத்தான் முதல் கும்பிடு!"

டாக்டரம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை. 'நானே' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கையில் விரித்த பக்கம் அப்படியே இருந்தது. வாசல் ஓரத்தில் டீத் தட்டோடு கணவர் நின்றிருந்தார்.

"கும்பிடறதுன்னா அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுங்க சார்," என்றார் டாக்டரம்மா. பெருமை ஒரு துளிகூடக் குறையவில்லை. இன்னும் ஒரு பிடி ஏறித்தான் இருந்தது. "இதை முதல்ல பாத்தது நான் இல்ல. எங்க வீட்டுச் சமையல்காரர். நான் அப்போ தராசைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கணவர் தட்டைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி!

"ஏம்மா, அடுத்த அச்சுல மாத்திட மாட்டியே?"

"நம்ம வீட்டுல ஒரே அச்சுதாங்க," என்றார் டாக்டரம்மா.